நிர்வாகம் பொறுப்பல்ல! அப்போ யார்தான் பொறுப்பு?



நம் கல்லூரி கேட்டைத் தாண்டியதும் ஒரு போர்டு நிற்கிறதே, அதை என்றைக்காவது நின்று படித்திருக்கிறீர்களா? 'வாகனங்களைச் சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும். காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல.' இரண்டரை வருஷம் தினமும் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒரே ஒரு நாள்தான் படித்தேன். என் வகுப்பு நண்பனின் சைக்கிள் திருடு போன அன்று.

அவன் ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரன். விடிகாலை ஐந்து மணிக்குப் பின்கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேனை மாட்டிக்கொண்டு கிளம்புவான். வீடு வீடாக ஊற்றி முடித்து, கேனை வீட்டில் இறக்கிவிட்டு, அதே வண்டியில் ஒன்பது மணிக்கு வகுப்புக்கு வந்துவிடுவான். அன்று மாலை வேப்பமரத்தடியில் போய்ப் பார்த்தால் இடம் காலி. பின்சக்கரத்து ரிங் லாக்கை ஒழுங்காகப் பூட்டித்தான் வைத்திருந்தான். சாவி பாக்கெட்டில் இருந்தது. வண்டிதான் இல்லை!

"சைக்கிளுதானேடா மாப்ளே, போனாப் போவுது, விடு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எட்டு நாள் அவன் கல்லூரிக்கு வரவில்லை. பாலை நடந்தே கொண்டுபோய் ஊற்றினான். முடித்து வீடு திரும்பும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். பிறகு எங்கே வகுப்புக்கு வருவது? போனது சைக்கிள் மட்டுமில்லை, அட்டெண்டன்ஸும்தான் என்பது அப்புறம்தான் எங்கள் மண்டையில் ஏறியது.

பாரம் சுமக்கும் வண்டி

நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் சைக்கிள் என்பது வெறுமனே ஆள் ஏறிப் போகிற சாமான் இல்லை. பால் கேன், முட்டை அட்டை, குச்சிக் கிழங்கு மூட்டை, தறிக்குப் போகும் நூல், கோடையில் தண்ணீர்க் குடம் என்று சைக்கிளில் ஏறாத பாரம் எது? முப்பது முட்டை கொண்ட அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு முட்டைகூட உடையாமல் மேடு பள்ளத்தில் ஓட்டிப் போகிற அண்ணன்மார்களைப் பாருங்கள். நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் ஒரு செமஸ்டர் முழுக்க முட்டி மோதிய 'சென்டர் ஆஃப் கிராவிட்டி' அவர்களுக்குக் கைப்பழக்கம். பால் கேனைக் கேரியருக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில் தொங்கவிடுவதும் அதனால்தான். எடை எவ்வளவுக்கெவ்வளவு கீழே இருக்கிறதோ, வண்டி அவ்வளவுக்கவ்வளவு ஆடாது.

பழைய கருப்பு ரோட்ஸ்டர் சைக்கிள் கிடைத்தால் ஒரு வேலை செய்யுங்கள். போக்ஸ் கம்பிகளை எண்ணுங்கள். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40. ஏன் இந்த வித்தியாசம்? ஓட்டுகிறவன் எடையில் பெரும்பங்கும், கேரியர் பாரம் முழுவதும் பின்சக்கரத்தில்தான் இறங்கும். வடிவமைத்தவனுக்கே இது பாரவண்டி என்று தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

உலகம் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டது. 1954-ல் தியன் பியன் பூ போரில் வியத்நாமியர்கள் சைக்கிளில் மூங்கிலைக் கட்டி, ஒரு வண்டிக்கு 200 கிலோவுக்கு மேல் ஏற்றி, மலைப்பாதையில் தள்ளிக்கொண்டே போய் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள். 1990-களின் முதல் பாதியில், பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், விறகிலிருந்து நோயாளி வரை சைக்கிளில்தான் போனது. அதே காலத்தில் நம் புதுக்கோட்டையில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர அந்த இரண்டு சக்கரம் போதுமாக இருந்தது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பின்னாளில் அரசு, உதவி பெறும் பள்ளிகளின் ப்ளஸ் ஒன் மாணவர் எல்லாருக்கும் விரிந்தது. ப்ளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாமாண்டு சேர்ந்த நம் தோழர்கள் பலர் அந்த சைக்கிளில்தான் இன்றும் வருகிறார்கள்.

ஐயாயிரம் ரூபாய்க் கோடு

சரி, வண்டி போனது. போலீசுக்குப் போகலாமே? போனோம். அங்கே இருந்த ஏட்டையா நல்ல மனுஷன். உட்காரச் சொல்லித்தான் விசாரித்தார்.

"பில்லு இருக்கா தம்பி?"

"இல்லீங் சார், பெரியப்பா ஓட்டின வண்டி."

"பிரேம் நம்பர்?"

"தெரியாதுங்."

"என்ன கலர்?"

"கருப்புங்."

"இந்த ஊர்ல பாதி சைக்கிள் கருப்புதான்யா..."

மனுவை வாங்கி ரசீது கொடுத்தார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. பழைய 379-ஆம் பிரிவின் இடத்தில் இப்போது 303(2). திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, திருடியவன் முதல்முறை தண்டிக்கப்படுகிறவனாக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்குத் தண்டனை சமூக சேவை. அதோடு நிற்கவில்லை. 5,000 ரூபாய்க்குக் குறைவான இந்தத் திருட்டில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது. புகாரைக் குறித்துக்கொண்டு நம்மை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். அவர் உத்தரவு போட்டால்தான் புலன்விசாரணை.

பசிக்குத் திருடியவனை ஜெயிலில் தள்ளாமல் வேலை செய்ய வைப்பது நல்ல எண்ணம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பழைய சைக்கிள்களில் 5,000 ரூபாயைத் தாண்டுகிறது எத்தனை? கார் வைத்திருப்பவருக்கு ஐயாயிரம் என்பது டயர் செலவு. பால் ஊற்றுகிறவனுக்கு அது வீட்டு அடுப்பு. சட்டத்தின் கோடு இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் போடப்பட்டிருக்கிறது. ஒரு சைக்கிளுக்காக எந்த மாணவன் வகுப்பை விட்டுவிட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு நடக்கப் போகிறான்?

ஆக, நிர்வாகம் பொறுப்பல்ல. போலீசாலும் தானாக விசாரிக்க முடியாது. இதில் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. போன பிறகு தேடுவதைவிட, போகாமல் தடுப்பதுதான் நமக்கு மிச்சமிருக்கும் வழி. அதற்கு வேண்டிய கைத்தொழில் நம்மிடமே இருக்கிறது.

பூட்டு மட்டும் போதாது

என் நண்பன் பூட்டிவிட்டுத்தானே போனான்? ரிங் லாக் சக்கரத்தைச் சுற்றவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். வண்டியை எதனோடும் கட்டாது. ஏறக்குறைய இருபது கிலோ இரும்பைத் தோளில் தூக்கி டெம்போவில் போட இரண்டு நிமிஷம் ஆகுமா? பூட்டு நல்ல பூட்டாக இருக்க வேண்டும், சரி. அதைவிட முக்கியம், வண்டியின் பிரேமை அசையாத ஒரு பொருளோடு சேர்த்துப் பூட்டுவது.

அந்த அசையாத பொருள் நம் கல்லூரியில் எங்கே? பைக்குகளுக்குக் கூரை போட்ட ஷெட் இருக்கிறது. சைக்கிளுக்கு வேப்பமர நிழலும், முன்சக்கரத்தைச் செருகுகிற கான்கிரீட் இடுக்கும். அந்த இடுக்கில் பிரேமைப் பூட்ட வழியே இல்லை. பக்கத்து வண்டி சாய்ந்தால் ரிம் வளைவதுதான் லாபம்.

தலைகீழ் 'ப' வடிவத்தில் ஒரு குழாயைத் தரையில் நட்டால் போதும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிளைச் சாய்த்து, பிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். உலகம் முழுக்க இதற்கு 'ஷெஃபீல்டு ஸ்டாண்டு' என்று பெயர். இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டின் பெயர்தான் அது. நமக்கும் அந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் சீமையின் இரும்புக் கல்லை நம்பித்தான் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். பின்னாளில் அவர் எஃகு செய்யப் போனது அதே ஷெஃபீல்டுக்கு. கஞ்சமலையும் இரும்பாலையும் உள்ள மாவட்டத்துக்காரர்கள் நாம். ஒரு வளைகுழாய்க்கு வழியில்லாமலா இருக்கிறோம்?

கணக்குப் பார்ப்போம். தரைக்கு மேல் இரண்டு காலும் 75 சென்டிமீட்டர், மேல் குறுக்கு 75, மண்ணுக்குள் காலுக்கு 30 வீதம் 60. மொத்தம் 285. ஆறு மீட்டர் பைப் ஒன்றில் இரண்டு ஸ்டாண்டு, அதாவது நாலு சைக்கிள். நூறு சைக்கிளுக்கு 25 பைப். கடைக்குப் போய் விலை கேளுங்கள். நம் ஆண்டு விழாவின் மைக் செட், பந்தல் செலவோடு வைத்துப் பாருங்கள். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக்கல்காரர்கள் மூலையை 45 டிகிரியில் அறுத்து வெல்டிங் வைக்கட்டும். மண்ணுக்குள் போகும் காலில் ஒரு குறுக்குக் கம்பியையும் பற்றவைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருகியே பிடுங்கிவிடுவான். சிவில்காரர்கள் குழி எடுத்துக் கான்கிரீட் போடட்டும். ஒரு ஸ்டாண்டுக்கும் அடுத்ததற்கும் ஒரு மீட்டர் இடைவெளி. ஓரத்தில் நாலைந்தை மட்டும் ஒன்றரை மீட்டர் தள்ளி நடுங்கள், அது கேனும் மூட்டையுமாக வருகிறவர்களுக்கு. எலெக்ட்ரிக்கல்காரர்கள் ஒரு விளக்கு. கம்ப்யூட்டர்காரர்கள் சைக்கிள் பதிவேடு: யார் வண்டி, என்ன மேக், பிரேம் நம்பர், ஒரு போட்டோ. நம்பர் சீட் குழாயிலோ, பெடல் அச்சு போகும் குழாயின் அடியிலோ பொறித்திருக்கும். இன்று மாலையே துடைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து சினிமா தியேட்டர் ஸ்டாண்டில் டோக்கனைக் கிழித்துப் பாதியை ஹேண்டில் பாரிலும் பாதியைக் கையிலும் கொடுப்பார்களே, அந்த முறையை வாட்ச்மேன் அண்ணனோடு பேசி கேட்டில் கொண்டுவரலாம்.

நம் முதுகையும் பார்ப்போம்

திருடனை மட்டும் திட்டிப் பயனில்லை. நமக்குக் காற்று இறங்கினால் பக்கத்து வண்டியின் வால் டியூபைப் பிடுங்கியது யார்? கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய், அங்கேயே விட்டுவிட்டு வந்தது யார்? "பில்லெல்லாம் இல்ல தம்பி, எண்ணூறு ரூபா குடு" என்றால், யார் வண்டி என்று கேட்காமல் வாங்கியது யார்? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் அதுவும் குற்றம்தான். 317-ஆம் பிரிவு, மூன்று வருஷம் வரை சிறை. வாங்க ஆள் இல்லாவிட்டால் விற்க ஆள் ஏது?

"இந்தக் காலத்துல யாருடா சைக்கிள்ல வர்றான்?" என்று சிலர் கேட்பீர்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் ரயில் நிலையத்துக்குக் கீழே 12,500 சைக்கிள் நிறுத்தும் இடத்தை 2019-ல் கட்டி முடித்தார்கள். பணக்கார நாட்டுக்கே சைக்கிள் கேவலமாகத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். நாளைக் காலை வேப்பமரத்தடிக்கு வந்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒவ்வொன்றுக்கும் பின்னால், பஸ் ஏற முடியாத ஒரு வேலையும், பைக் வாங்க முடியாத ஒரு வீடும் இருக்கும். குறைவானவர்கள் என்பதாலேயே அவர்களுக்காகப் பேச ஒரு சங்கம் வேண்டும். அதற்குத்தானே மாணவர் சங்கம்?

என் நண்பன் இப்போது கடனில் வாங்கிய பழைய வண்டியில் வருகிறான். சங்கிலி போட்டு வேப்பமரத்தோடு சேர்த்துப் பூட்டுகிறான். மரம் அவனுக்குப் பொறுப்பு ஏற்றிருக்கிறது!

அடுத்த ஆண்டு மலர் வரும்போது அந்தப் போர்டில் ஒரு வரியை மாற்றி எழுத வேண்டும் என்பது என் ஆசை. 'சைக்கிள்களுக்கு மாணவர் சங்கம் பொறுப்பு.' எழுதுவோமா?

— இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்