எம்.டி.டி.யா, யூ.பி.என்.எம்.மா? பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

வழக்கமாக அன்னதானம், சிரமதானம் என்றுதான் எங்கள் தொண்டர் குழு பதிவு போடும். இன்னிக்கு விஷயம் வேற, கொஞ்சம் நீளம். படிவம் 3-இல் பிள்ளை இருக்கிறவங்க பொறுமையா வாசிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது ஒரு அக்கா எங்ககிட்ட கேட்டாங்க. "பையன் அடுத்த வருஷம் படிவம் 4. சுங்கை பெசி ஆர்மி காலேஜுக்கு இப்பவே போடச் சொல்றாரு அப்பா. எஸ்.பி.எம். முடிக்கட்டும், அப்புறம் ஆர்மி யுனிவர்சிட்டிக்குப் போகட்டும்னு சொல்றாரு தாய்மாமன். எது நல்லது?" ஒரு மாசமா வீட்டில இதே சண்டையாம்.

இரண்டும் சுங்கை பெசி முகாமில்தான் இருக்கு. அதனால பலர் ஒண்ணுன்னு நினைச்சிடுறாங்க. எம்.டி.டி. என்கிற அரச இராணுவக் கல்லூரி 1952-இல் போர்ட்டிக்சனில் தொடங்கி 1961-இல் சுங்கை பெசிக்கு மாறியது. அது படிவம் 4, 5 மாணவர்களுக்கான விடுதிப் பள்ளி. சீருடை, அணிவகுப்பு எல்லாம் உண்டு. ஆனா எஸ்.பி.எம். முடிச்சதும் இராணுவத்தில் சேரணும்னு கட்டாயம் கிடையாது. டாக்டர் ஆகலாம், வக்கீல் ஆகலாம்.

யூ.பி.என்.எம். என்கிற தேசிய தற்காப்புப் பல்கலைக்கழகம் வேற. 1995-இல் இராணுவ அகாடமியா ஆரம்பிச்சு 2006-இல் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே கேடட் அதிகாரியா சேர்ந்தா பட்டமும் கிடைக்கும், தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை இதில் ஒன்றில் அதிகாரி பதவியும் கிடைக்கும். கூடவே சேவை ஒப்பந்தமும் வரும். (பொது மாணவர்களும் அங்கே படிக்கிறாங்க, அவங்க கணக்கு வேற.)

ஆக, ஒண்ணு பள்ளிக்கூடம், இன்னொண்ணு வேலை. எங்கள் கருத்து, ஆசை பையனோடது என்றால் இப்பவே எம்.டி.டி.க்கு விண்ணப்பம் போடுங்க. அந்த வாழ்க்கை ஒத்து வருதான்னு இரண்டு வருஷத்தில் அவனுக்கே தெரிஞ்சிடும். வராட்டி எஸ்.பி.எம். சான்றிதழோட வேற பாதையில் போகலாம். பிடிச்சிருந்தா, யூ.பி.என்.எம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது எதுக்குப் போடுறோம்னு புரிஞ்சு போடுவான். இடம் கிடைக்காட்டியும் பல்கலைக்கழகக் கதவு மூடிடாது.

15 வயசுப் பிள்ளையைப் பிரியணுமான்னு மாமா கேட்கிறதில் நியாயம் இருக்கு. நாங்களும் முன்பு அப்படித்தான் பேசினோம். எங்கள் தேவார வகுப்புப் பையன் ஒருத்தனை "அவசரப்படாதே, எஸ்.பி.எம். முடிஞ்சு பார்த்துக்கலாம்"னு நிறுத்தி வைச்சோம். இரண்டு வருஷம் வேற எதையும் யோசிக்காம காத்திருந்தான். கடைசியில் கண் பரிசோதனையில் நிறக்குருடுன்னு தெரிஞ்சது. கண்ணாடிக் கடையில் ஐந்து நிமிஷத்தில் தெரிஞ்சிருக்கும். முன்கூட்டியே போய்ப் பார்னு சொல்ல எங்களுக்குத் தோணலை. அவன் அம்மா எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லலை, அதுதான் இன்னும் உறுத்துது.

"அடங்காத பயல், ஆர்மி திருத்தட்டும்"னு சொல்லும் அப்பாக்களுக்கு எங்கள் பதில், தயவுசெய்து அனுப்பாதீங்க. அது திருத்தும் இல்லம் இல்லை. 2017-இல் யூ.பி.என்.எம்.மில் ஒரு கடற்படைக் கேடட் சக மாணவர்களின் சித்திரவதையால் உயிரிழந்ததை நாடே பார்த்தது. அந்தப் பயத்தைப் பிள்ளையிடம் மறைக்காதீங்க. யாராவது கை வைச்சா அன்னிக்கே வீட்டுக்குச் சொல்லணும், அதில் அவமானம் இல்லைன்னு சொல்லி அனுப்புங்க. எந்த விடுதிக்கும் இது பொருந்தும்.

அந்த அக்கா கடைசியாக் கேட்டது, "வெள்ளிக்கிழமை சைவம் கிடைக்குமா?" முதல்ல சிரிச்சிட்டோம். அப்புறம் யோசிச்சா, நாலு வயசிலிருந்து விரதம் இருக்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயமே இல்லை. நேர்முகத்துக்குப் போகும்போது கூச்சப்படாம கேளுங்க.

இந்த ஞாயிறு தேவார வகுப்பு முடிஞ்சதும் படையில் இருந்து ஓய்வு பெற்ற நம்ம ஆலய அண்ணன் ஒருத்தர் மண்டபத்தில் இருப்பார். பையனையும் கூட்டிட்டு வாங்க. முதல் பத்து நிமிஷம் அவர் பையனோட தனியாப் பேசுவார், பெற்றோர்கள் வெளியே காத்திருக்கணும். டீ உண்டு.