மதிப்பெண் குறைந்தது, வாசல் அடைபட்டதா?

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் மதரஸாவின் வாசலில் சில தாய்மார்கள் தயங்கி நிற்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அண்மையில் வந்த ஒரு தாயின் மகள், மூன்று அரியர்களோடு போராடி 51 விழுக்காட்டில் பட்டம் முடித்திருந்தாள். கவுன்சலிங் சைக்காலஜி எனப்படும் ஆலோசனை உளவியலில் முதுநிலை பயில வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். “இந்த மார்க்க வச்சுக்கிட்டு மேல படிச்சு என்ன ஆகப்போவுது ஹஜ்ரத்? மாப்பிள்ளை பார்த்துடலாம்னு இவங்க அத்தா சொல்றாங்க” என்றார் அந்தத் தாய்.

நிக்காஹ் நம் மார்க்கத்தில் உயர்ந்த ஸுன்னத். அது தோற்றுப்போன மாணவிக்கு விதிக்கப்படும் தண்டனை அன்று. அந்தக் குடும்பத்திடம் நாம் முதலில் கூறியது இதுவே.

மனநோயை ஈமானின் குறைவு என ஒதுக்கும் வழக்கம் நம் மஹல்லாக்களில் இன்னும் நீங்கவில்லை. நம்மிடம் ஓதிப் பார்க்க வருவோருள் மருத்துவரையும் ஆலோசகரையும் நாட வேண்டியவர்கள் உள்ளனர். துஆ வேண்டும், சிகிச்சையும் வேண்டும். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் வைத்து, கவலை, அச்சம், கோபம் ஆகியவற்றுக்கான பரிகாரங்களை எழுதினார். அந்த மரபுக்கு உரியவர்கள் நாம். அந்நிய ஆடவரிடம் மனம் திறக்கத் தயங்கும் நம் சகோதரிகளுக்குச் செவிசாய்க்க, முறையாகப் பயின்ற பெண்கள் நம்மிடையே தேவை.

எனினும், விருப்பம் மட்டும் போதாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும்.

முதலாவதாக, தகுதி மதிப்பெண் வேறு, தரவரிசை வேறு. 50 விழுக்காடு கேட்கும் இடத்தில் 51 பெற்றவர் விண்ணப்பிக்கலாம். 2022 முதல் நடைபெறும் முதுநிலைக்கான கியூட் தேர்வின் வழியாக மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவும் சேர்க்கை நடத்துகின்றன. அங்கே நுழைவுத் தேர்வில் உழைத்து முன்னேற இடமுண்டு. சில கல்லூரிகள் எந்தப் பட்டத்தையும் ஏற்கின்றன. சில உளவியல் பட்டத்தையே கேட்கின்றன. ஒவ்வொரு கல்லூரியின் விவரக் கையேட்டையும் முழுமையாகப் படிக்க வேண்டும். மாநில அரசின் இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உண்டு. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே பெற்று வையுங்கள்.

இரண்டாவதாக, குறுக்கு வழியை நம்பாதீர்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் கல்விப் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்துள்ளது. சில வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்துக்கொண்டு ஆலோசகர் என்று அமர்வது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் சுமப்பவர் என்பது நபிமொழி தரும் பாடம்.

மூன்றாவதாக, விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் உண்மையைக் கூறுங்கள். அந்த மாணவியின் அரியர்கள் அனைத்தும், தந்தை நோயுற்றுக் கிடந்த ஆண்டில் விழுந்தவை. அதன் பின்னர் வந்த பருவங்களில் அவளுடைய மதிப்பெண் உயர்ந்திருந்தது. இதை இரண்டு வரிகளில் நேர்மையாக எழுதினால் போதும். புலம்பலும் வேண்டாம், மறைத்தலும் வேண்டாம். படிப்பில் நாட்டமின்மையே காரணமாக இருந்தால், அதையும் மனத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். முஹாஸபா என்பது அதுதானே?

நான்காவதாக, இடைப்பட்ட காலத்தை வீணாக்காதீர்கள். சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட சினேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகள், தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளித்துப் பணியாற்ற வாய்ப்பளிக்கின்றன. பிறர் துயரைக் குறுக்கிடாமல் கேட்க இயலுமா என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. அத்தகைய பணி சொல்லிவிடும்.

பெற்றோர்களே, ஓர் ஆண்டு அவகாசம் கொடுங்கள். உறவினர் முன்னிலையில் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டாதீர்கள். நாளை பிறருடைய காயங்களுக்குச் செவிகொடுக்க வேண்டிய பிள்ளைக்கு, இன்று உங்கள் வீட்டில் ஒரு செவி தேவைப்படுகிறது.

அந்த மாணவி இப்போது நுழைவுத் தேர்வுக்குப் படித்து வருகிறாள். இடம் கிடைக்குமா என்பது அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளது. விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்தவர் அவளுடைய அத்தாதான் என்பதைக் கேட்டபோது, நாம் அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.