பணம் யாருடையது என்று மலைக்கும் தெரியட்டும்

ஜவ்வாது மலையின் திருவண்ணாமலைப் பக்கத்தில், ஜமுனாமரத்தூர் வட்டாரத்தில், வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். குடற்புழு மாத்திரையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, ஊர் முழுவதற்கும் கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி. ஆண்டுக்கு இருமுறை வீதம் மூன்றாண்டுகள் மாத்திரை கொடுத்தார்கள். குடற்புழுக்களில் ஒன்றான கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிச் சோகையைத் தருவது. வெறுங்காலோடு கொல்லைக்குப் போகிறவர்களுக்கு இது தேவையான ஆய்வுதான். பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. அந்த மாத்திரையான அல்பெண்டசோலை உலகச் சுகாதார நிறுவனம் வழியாகப் பல நாடுகளுக்கு இலவசமாகத் தருவது கிளாக்ஸோ நிறுவனம்.

இதில் குற்றம் எதுவும் இல்லை. மருந்து நிறுவனத்தின் நிழல் படாத ஆய்வுதான் வேண்டும் என்றால், பாதி ஆய்வுகள் நடக்கவே நடக்காது.

ஆனால் 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்ததையும் மறக்க முடியாது. அங்கும் கேட்ஸ் அறக்கட்டளையின் பணம்தான். மெர்க் நிறுவனம் கொடுத்த கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சுமார் 14,000 சிறுமிகளுக்குப் போட்டார்கள். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். சோதித்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்திட்டவர்கள் விடுதி வார்டன்கள். 1,948-இல் இருந்தது வெறும் கைநாட்டு. சிறுமிகள் சிலரின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது அரசு விசாரணை. தடுப்பூசியும் நல்ல தடுப்பூசிதான். அப்படியிருந்தும் 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்தத் திட்டத்தைக் கடுமையாகச் சாடியது. பெற்றவர்களைக் கேட்காமல் வார்டனைக் கேட்டதற்கு வேறு என்ன பெயர்?

ஜவ்வாது மலை ஆய்வின் திட்டமும் நிதி விவரமும் 2018-இலேயே ஆய்விதழில் அச்சாகிவிட்டன. மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டிலும் செலவு யாருடையது என்று குறிக்க இடமுண்டு. எல்லாம் ஆங்கிலத்தில்! லண்டன் பேராசிரியர் வீட்டிலிருந்தபடியே படித்துவிடலாம். சோதனைக்கு மலம் கொடுத்த ஜமுனாமரத்தூர்ப் பாட்டி யாரிடம் போய்க் கேட்பாள்?

இந்த மலையைப் பகிர்ந்துகொள்ளும் திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஆட்சியர்கள் ஒரு விதியை வகுக்கட்டும். மலையில் எந்த ஆய்வு தொடங்கினாலும், முதலில் கிராமசபையில் தமிழில் ஒரு பக்கத் தாளை வாசிக்க வேண்டும்: பணம் யாருடையது, மருந்து யாருடையது, உடம்புக்கு ஏதாவது ஆனால் செலவை யார் ஏற்பார், முடிவு யாருக்குச் சொந்தம். உண்டு உறைவிடப் பள்ளிகளில் வார்டன் கையெழுத்து செல்லாது. ஆய்வு முடிந்ததும் அதே சபைக்கு வந்து, கண்டதைச் சொல்ல வேண்டும். தாமதமாகும் என்று ஆய்வாளர்கள் முணுமுணுப்பார்கள். ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் இருக்கின்றன. அதிகம் போனால் சில மாதங்கள் காத்திருக்க வேண்டிவரும்.