இறுகக் கட்டினாலும் ஏன் கழல்கிறது?

டேர்போ பொருத்திய மோட்டார் வண்டி வைத்திருப்போர் சிலருக்கு ஒரு தொல்லை பழக்கமானது. முன்னே செல்லும் லொறியை முந்துவதற்காக வேகமூட்டியை அழுத்தும்போது ‘பட்’ என்றோர் ஓசை கேட்கும். உடனே வண்டி வலுக்குன்றும். பின்னாற் கரும்புகை கிளம்பும். எதிரே வாகனம் வரும் வேளையில் இப்படி நேர்ந்தால் வரும் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மூடியைத் திறந்து பார்த்தால், எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுசெல்லுங் குழாய் மூட்டிலிருந்து கழன்று கிடக்கும். அதனை மீளச் செருகிக் கிளிப்பை முன்னிலும் இறுக்குவர். சில வாரங்களில் மீண்டும் அதே கதை. காய்ச்சலின் காரணத்தை அறியாது நெற்றியிற் பற்றுப் போடுவது போன்றதே இது.

காரணத்தை அறிய, முதலிற் குழாயினுள்ளே நிகழ்வதைப் பார்ப்போம். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள அமுக்கியாற் காற்றை நெருக்கி எஞ்சினுக்கு ஊட்டுவதே டேர்போவின் தொழில். இம்முறைக்குச் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரெட் பூக்கி என்னும் பொறியியலாளர் 1905 ஆம் ஆண்டிற் காப்புரிமை கோரினார். அமெரிக்காவில் 1962 இல் இது பயணிகள் காரிலும் இடம்பெற்றது. நெருக்கிய காற்று சூடேறுவதால், இன்டர்கூலர் என்னுங் குளிர்விக்கும் பெட்டியினூடாகச் சென்ற பின்னரே அது எஞ்சினை அடைகின்றது.

வளிமண்டல அமுக்கத்திற்கு மேலாக, ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 0.7 கிலோகிராம் நிறையளவு அமுக்கம் குழாயில் இருப்பதாகக் கொள்வோம். குழாயின் விட்டம் 60 மில்லிமீற்றராயின், அதன் வாயின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர சென்ரிமீற்றர். இரண்டையும் பெருக்கினால், குழாயை மூட்டிலிருந்து தள்ளும் விசை ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறைக்குச் சமனாகும். மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். நல்ல கிளிப் இதனைத் தாங்கும். ஆயின், வேறொரு விசையும் உடன் சேருகின்றது. அதுவே எஞ்சினின் அசைவு.

எஞ்சினை வண்டியின் சட்டத்தில் அசையாது பூட்டிவிடலாகாதா என்று கேட்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 750 முறை சுழலும்போது, செக்கனுக்கு 25 முறை அதனுள்ளே எரிபொருள் வெடிக்கின்றது. நேரே பூட்டினால் அவ்வதிர்வு முழுவதும் இருக்கைக்கும் வந்து சேரும். ஆதலின் எஞ்சினை றப்பர் மவுண்டிங்குகளின் மேல் அமர்த்துகின்றனர். அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1931 இல் தன் பிளிமத் வண்டியில் இத்தகைய ஏற்பாட்டைப் பெரிதாக விளம்பரப்படுத்தியது.

றப்பர் நெகிழ்வதால் எஞ்சின் அசைய இடமுண்டு. தாக்கம் ஒவ்வொன்றுக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டென 1687 இல் நியூற்றன் எழுதிய விதி இங்கும் செல்லும். எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பெற்று, முன்சக்கரங்களை இயக்கும் வண்டியொன்றை எண்ணுக. சக்கரங்கள் முன்னோக்கி உருள, எஞ்சின் பின்னோக்கிச் சாய முயலும். அதன் முறுக்கம் 200 நியூற்றன் மீற்றர் எனவும், முதற் கியரில் அது 13 மடங்காகின்றது எனவும் கொண்டால், சக்கர அச்சில் 2,600 நியூற்றன் மீற்றர் உண்டாகும். அதே அளவு மறுதாக்கத்தை மவுண்டிங்குகள் தாங்கவேண்டும். வேகமூட்டியை விட்டவுடன் எஞ்சின் முன்னோக்கி மீளும்.

இன்டர்கூலரோ வண்டியின் உடலோடு பூட்டப்பட்டிருக்கின்றது. எனவே ஒரு முனை அசையும் எஞ்சினிலும், மறுமுனை அசையாத உடலிலுமாகக் குழாய் இரண்டுக்கும் பாலமாகின்றது. மவுண்டிங்கின் றப்பர் வெடித்துத் தளர்ந்தால், ஒவ்வொரு முறையும் இப்பாலம் அளவுக்கு மிஞ்சி இழுபடும். எஞ்சினிலிருந்து காற்றோடு வரும் எண்ணெய்ப் பசையும் மூட்டை வழுக்கச் செய்யும். அமுக்கம் தள்ள, அசைவு இழுக்க, எண்ணெய் வழுக்கினால், கிளிப் ஒன்று தனியே என்செய்யும்?

ஆகவே முதலிற் பார்க்கவேண்டியவை மவுண்டிங்குகளே. கியர் மாற்றும்போது ‘டொக்’ என்ற ஓசை எழுதல், றப்பரில் வெடிப்புக் காணல் ஆகியன தேய்வின் அடையாளங்கள். எஞ்சினை இயக்கி அசைவைச் சோதிக்கும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுக. அவ்வேளை எவரும் வண்டியின் முன்னே நிற்றலாகாது. பழுதானவற்றை மாற்றிய பின்னரும் அசைவு மிகுதியாயின், எஞ்சினின் அடியிலுள்ள முறுக்கந்தாங்குந் தண்டுக்கு மட்டும் சற்றுக் கடினமான றப்பர் இடலாம். அது எஞ்சினின் பாரத்தைச் சுமப்பதன்று, சாய்வையே தடுப்பது. எல்லா மவுண்டிங்குகளையும் கடினமாக்கினால், அதன் விலையாக ஓயாத அதிர்வைக் குடும்பத்தார் அனுபவிக்க நேரும்.

அதன் பின்னரே குழாய். மூட்டின் இரு பக்கத்தையும் எண்ணெய்ப் பசை நீங்கத் துடைத்து உலரவிடுக. உலோகக் குழாயின் முனையிலுள்ள புடைப்பைத் தாண்டி றப்பர்க் குழாயைச் செருகி, அப்புடைப்புக்கு அப்பால் கிளிப்பை இடுக. புடைப்பின் மேலேயே இட்டால் அது நழுவிவிடும். மட்டுமீறி இறுக்கினால் றப்பர் வெட்டுப்படும். குழாயைத் தாங்கு கம்பியாற் பிணைப்பதாயின் ஒன்றை மறவற்க: எஞ்சின் பக்கத்துக் குழாயை எஞ்சினோடும், உடற்பக்கத்துக் குழாயை உடலோடுமே பிணைத்தல் வேண்டும். இடையிலுள்ள நெகிழுங் குழாய்க்குச் சற்றே தளர்வு இருக்கட்டும். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று விறைப்பாகப் பிணைத்தால், மூட்டுக் கழலாவிடினும் குழாயோ தாங்கியோ முறியும்.

அசையவேண்டியதற்கு அளவான இடமும், அசையக்கூடாததற்கு உறுதியான பிடியும் கொடுத்துவிட்டால், முந்திச் செல்லும் வேளையில் வண்டி கைவிடாது. திருப்புளியைக் கையில் எடுக்கும் முன், கழன்ற இடத்தை மட்டுமன்றிக் கழற்றிய விசையையும் தேடுவோமாக.