யானைகள் மோந்து பார்த்த இரவு

1344இல் இலங்கையின் புத்தளத்தில் இறங்கிய பயணி இப்னு பதூதா, வெள்ளம் அடித்துவந்து கடற்கரையில் குவித்திருந்த கறுவாக் கட்டைகளைக் கண்டு வியந்தார். முத்துகளைக் கொடுத்து, கூச்சப்படாமல் இன்னும் கேளும் என்றான் அங்கிருந்த மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி. அவர் கேட்டதோ பாவா ஆதம் மலைக்கு (சிவனொளிபாதமலைக்கு) போக வழி. அந்த மலைப் பயணத்தை எழுதும்போது அவர் சொல்லும் பழங்கதையில்தான் ஷீராஸ் ஞானி இப்னு கஃபீஃப் வருகிறார். பசி தாங்காத சீடர்கள், அவர் தடுத்தும் கேளாமல் யானைக்குட்டியொன்றைக் கொன்று தின்றார்கள். இரவில் வந்த யானைகள் ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றன. தின்னாத குருவை மட்டும் முதுகில் ஏற்றி ஊர் சேர்த்தன.

ஏறக்குறைய இதே கதை, 1273இல் மறைந்த ரூமியின் மஸ்னவியிலும் உண்டு. ஆனால் அங்கே இலங்கை மலை இல்லை.

கராமத் (இறைநேசரின் அற்புதம்) என்று ஒரு சாரார், கட்டுக்கதை என்று மறுசாரார். இரண்டுமே சோம்பேறித்தனம். கதை எப்படி ஊர்விட்டு ஊர் வந்தது, இந்த ஞானியின் பெயரில் ஏன் ஒட்டிக்கொண்டது என்று துருவுவதல்லவா ஆய்வு? இப்னு கஃபீஃப் சூஃபி மட்டுமல்லர். இறையியல் அறிஞரான இமாம் அஷ்அரீயைத் தேடிப்போய்ப் பாடம் கேட்டவராகவும் சொல்லப்படுபவர். அகீதா (நம்பிக்கைக் கோட்பாடு) வேறு, தஸவ்வுஃப் (சூஃபி நெறி) வேறு என்று மேடைபோட்டு மல்லுக்கு நிற்பவர்கள் அவரை எந்தப் பக்கம் உட்காரவைப்பார்களாம்?