மைதானத்துப் புல்லும் தண்ணிதான் குடிக்குது

"விளையாட்டுச் செய்தியில அரசியல் எதுக்குங்க?" நகரத்து நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது. இதை யார் சொல்றாங்க, எப்போ சொல்றாங்கன்னு கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. மந்திரி மேடை ஏறி கோப்பை கொடுக்கும்போது யாரும் சொல்றதில்லை. ஸ்டேடியத்துக்குத் தலைவர் பேரு வைக்கும்போது சொல்றதில்லை. விவசாயி தெருவுக்கு வந்தா மட்டும் சொல்றாங்க.

2018 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுப் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைச்சது. தீர்ப்பைச் செயல்படுத்த ஆறு வாரத்துக்குள்ள திட்டம் போடணும்னு மத்திய அரசுக்குச் சொன்னது. கெடு முடிஞ்சது, திட்டம் வரலை. ஏப்ரல் 10 சேப்பாக்கத்தில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஆட்டம். ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு சென்னை அணி சொந்த ஊர்ல ஆடின முதல் ஆட்டம். வெளியே மறியல். உள்ளே மைதானத்தில் செருப்பு வந்து விழுந்தது. மிச்சமிருந்த சென்னை ஆட்டங்கள் புனேவுக்குப் போயிடுச்சு.

செருப்பு வீசினது தப்பு. ஆட வந்த பையன் என்ன செய்வான்? மஞ்சச் சட்டை போட்டு வந்த ரசிகன் மேல கை வச்சதும் தப்பு. ஆனா அன்னைக்கு நான் பார்த்த விளையாட்டுச் செய்திகளெல்லாம் செருப்பைப் பத்தியே பேசிச்சு. தண்ணியைப் பத்தி ஒரு வரி கிடையாது.

எங்க விழுப்புரம், திண்டிவனம் பக்கம் காவிரிப் பாசனம் கிடையாது. எங்களுக்குத் தென்பெண்ணை, வீடூர் அணை, ஏரி, கிணறு, போர். தென்பெண்ணையும் கர்நாடகத்துல பிறந்து வர்ற ஆறுதான். அதனால மேல இருக்கிறவன் மடையை அடைச்சா கீழ இருக்கிற கழனி என்ன ஆகும்னு எங்களுக்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

சரி, புனேவுக்குப் போன ஆட்டம் தண்ணிப் பிரச்சினையிலிருந்து தப்பிச்சுதா? அங்கே மைதானத்துக்குப் பவனா ஆத்துத் தண்ணி எடுக்கக்கூடாதுன்னு அதே ஏப்ரல்ல மும்பை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2016-ல், மகாராஷ்டிரத்துல கடும் வறட்சி. ஏப்ரல் 30-க்கு அப்புறம் இருந்த ஐ.பி.எல். ஆட்டங்களை வெளி மாநிலத்துக்குக் கொண்டு போகச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். மைதானத்துப் புல்லும் என் மல்லாட்டைச் செடி மாதிரி தண்ணிதான் குடிக்குது. யாருக்கு எவ்வளவு தண்ணின்னு முடிவு பண்றதுக்குப் பேர்தான் அரசியல். அதை எழுதாம ஆட்டத்தை மட்டும் எப்படி எழுதுவீங்க?

அடுத்து 2021. டெல்லி எல்லையில விவசாயிங்க குளிர்ல உக்காந்திருந்தாங்க. பாடகி ரிஹானா ஒரு ட்வீட் போட்டாங்க. மறுநாளே, பிப்ரவரி 3, சச்சின் உட்படப் பல கிரிக்கெட் பெரியவங்க வரிசையா வந்து, நாட்டு விஷயத்துல வெளியாளுங்க தலையிடக்கூடாது, நாம ஒத்துமையா இருப்போம்னு எழுதினாங்க. அது அரசியல் இல்லையா? அதே மாசம் 24-ஆம் தேதி அகமதாபாத் மோட்டேரா மைதானத்துக்கு நரேந்திர மோடி பேரு வச்சாங்க. பந்து வீசுற முனை ரெண்டுக்கும் அதானி, ரிலையன்ஸ் பேரு. வர்ணனையாளர் அந்தப் பேரைச் சொன்னா விளையாட்டாம். நாம விவசாயின்னு சொன்னா மட்டும் அரசியலாம்!

2023 மே 28-ஐயும் பாருங்க. காலையில டெல்லியில புதிய நாடாளுமன்றம் திறப்பு. பக்கத்துலயே மல்யுத்த வீராங்கனைகளைப் போலீஸ் இழுத்து வண்டியில ஏத்திச்சு. சாயங்காலம் அகமதாபாத்துல ஐ.பி.எல். இறுதி ஆட்டம், மழையால மறுநாளைக்குத் தள்ளிப்போச்சு. கூட்டமைப்புத் தலைவர், அவர் ஆளுங்கட்சி எம்.பி.யும்கூட, பாலியல் தொல்லை கொடுத்தார்ங்கிறது அவங்க புகார். அவர் மறுத்தார். விளையாட்டு நிருபர் அரசியலைத் தொடக்கூடாதுன்னா இந்தப் புகாரை எந்தப் பக்கத்துல போடுறது? மே 30 பதக்கங்களைக் கங்கையில விட அவங்க ஹரித்வாருக்குப் போனாங்க. அங்கே வந்து தடுத்து, பதக்கங்களை வாங்கி வச்சுக்கிட்டவர் நரேஷ் டிக்காயத், ஒரு விவசாயிகள் சங்கத் தலைவர். அப்போ ஆடிக்கிட்டிருந்த பெரிய கிரிக்கெட் வீரர்கள் பெரும்பாலும் வாயைத் திறக்கலை.

உங்க அலுப்பு எனக்குப் புரியுது. நாள் முழுக்க ஆபீஸ், டிராஃபிக், வீட்டு வாடகைன்னு அல்லாடிட்டு ராத்திரி ரெண்டு மணி நேரம் நிம்மதியா ஆட்டம் பாக்கணும்னு நினைக்கிறதுல தப்பே இல்லை. வர்ணனையாளர் ஓவருக்கு ஓவர் கட்சிக்கு ஓட்டுக் கேட்டா நானும் டி.வி.யை அணைச்சிடுவேன். நான் கேக்குறது கட்சிப் பிரசாரம் இல்லை. நடக்கிறதை மறைக்காம சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். எந்த உரத்தை எப்போ போடணும்னு மட்டும் எழுதிட்டு, யூரியா ஏன் கடையில கிடைக்கலைங்கிறதை எழுதாத வேளாண்மைப் பக்கம் எனக்கு எதுக்கு? விளையாட்டுப் பக்கமும் அப்படித்தான்.

பொங்கலுக்கு எங்க பக்கம் வந்து ஒரு கபடிப் போட்டி பாருங்க. பேனர்ல எந்தக் கட்சித் தலைவர் படம், பரிசுப் பணம் யார் வீட்டுது, எந்தத் தெருப் பசங்க டீம்ல இருக்காங்க, எந்தத் தெருப் பசங்க கோட்டுக்கு வெளியவே நிக்கிறாங்க? இதெல்லாம் விட்டுட்டு யார் எத்தனை பாயிண்ட் எடுத்தாங்கன்னு மட்டும் எழுதினா அது பாதிச் செய்திதான். வெளிய நிக்கிற பையன் ஏன் நிக்கிறான்னு எழுத ஒரு நிருபராவது வேணும்.