குடமும் கொசுவும்

நோயின் முதற்காரணத்தை ஆராயச் சொன்னார் வள்ளுவர். அவ்வாராய்ச்சி நொச்சிக்குப்பத்திற்கும் தேவை. 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் அங்கு அடுக்குமாடிகளை எழுப்பியது. கூரை மாறியது, குடம் சுமக்கும் வாழ்வு மாறியதா? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, சென்னை மகளிர் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர்.

நாள்தோறும் வாராத நீரைச் சேமித்தே ஆகவேண்டும். மூடாத அந்நன்னீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ‘நீரைத் தேக்காதீர்’ என்னும் அறிவுரை, குழாயில் நீர் வாராத இல்லத்தில் எங்ஙனம் எடுபடும்? அன்றாடம் மீன் விற்று வாழும் தாய் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அடுப்பும் அணைந்துவிடும்.

ஆகவே, மருத்துவமனைக் கட்டில்களை எண்ணுமுன் குழாயில் நீர் வரும் நாள்களை எண்ணுவோம். பொதுநலத்தின் முதல் மருந்து தடையற்ற குடிநீரே. ஆள்வோரும் கற்றோரும் சிந்திப்பார்களாக!